முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோய்... காலில் பலம் இருக்கும்போதே கிளம்புங்கள்!

'முதுகு வலிக்குது' என்று வீட்டில் யாராவது சொன்னால், நம்மிடம் பதில் தயாராக இருக்கும். 'வாயுவா இருக்கும்', 'தேய்மானமா இருக்கும்', 'நேத்து தண்ணிக் குடத்தைத் தூக்கினீங்களே, அதுதான்!' பெரும்பாலும் அது உண்மையும்கூட. தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, நாலு நாள் ஓய்வாக இருந்தால் சரியாகிவிடும்.

ஆனால், ஒரே ஒரு வீட்டில் மட்டும் இந்தப் பதில்களைச் சொல்லவே கூடாது. ஏற்கெனவே புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டவர் இருக்கும் வீடு அது. வைத்தியம் முடிந்து நாலு வருடம் ஆகியிருக்கலாம், பத்து வருடம்கூட ஆகியிருக்கலாம். அவருக்குப் புதிதாக ஒரு முதுகுவலி வந்து, இரண்டு வாரமாகியும் விடவில்லை என்றால், அது வாயு இல்லை என்று நிரூபணமாகும் வரை சும்மா இருக்கக் கூடாது. தூக்கத்தைக் கெடுக்கும் வலி என்றால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குப் பக்கத்து ஊர் காயல்பட்டினம். அங்கே புற்றுநோய் பற்றிய கவலை பல வருடங்களாகப் பேசப்பட்டு வருகிறது. பரிசோதனை முகாம்கள் நடந்திருக்கின்றன. 'ஏன் வருகிறது?' என்பது தனி விவாதம். நாம் இங்கே பார்க்கப்போவது, வந்து வைத்தியமும் பார்த்துவிட்டு, 'இனி பயமில்லை' என்று மூச்சு விட்டிருக்கும் குடும்பங்களுக்கான ஒரு விஷயம்.

இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மகன்கள் வளைகுடாவில். மருமகன் ஹாங்காங்கில். கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தாய்வீட்டிலேயே இருப்பது காயல்பட்டினத்து வழக்கம் என்பதால், உம்மாவின் உடம்பைக் கவனிப்பது மகள்தான். நாலு வருடத்துக்கு முன் உம்மாவுக்கு மார்பகத்தில் ஆபரேஷன் நடந்தது. அதன்பின் கீமோ கொடுத்து, 'கரண்ட்'டும் வைத்தார்கள். இப்போது சில நாளாகத் தொழுகையில் குனிந்து நிமிர முடியவில்லை. ராத்திரி படுத்தால் தோள்பட்டைகளுக்கு நடுவே குடைகிறது. மகள் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, லேசான பிடிப்பு" என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கவலைப்படக் கூடாதே! மகளுக்கும் மனதுக்குள் பயம்தான். ஆனால் 'மறுபடியும் வந்திருக்குமோ' என்ற வார்த்தையை உம்மாவிடம் எப்படிச் சொல்வது?

இரண்டு பேருமே பாசத்தால் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். நாள் போய்க்கொண்டே இருக்கிறது. ஒருநாள் காலையில், "கால் என்னமோ மரத்த மாதிரி இருக்கும்மா" என்கிறார் உம்மா. அன்றைக்குக் கிளம்பினால் ஒரு கதை. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்றால் வேறு கதை.

முதுகெலும்புக்கு ஏன் போகிறது?

நம் உடம்பில் புற்றுநோய் பரவும் எலும்புகளில் முதலிடம் முதுகெலும்புக்குத்தான். மார்பகம், நுரையீரல், ஆண்களுக்கு வரும் ப்ராஸ்டேட் சுரப்பி, சிறுநீரகம், தைராய்டு ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்கள் எலும்பைத் தேடிப் போகும் குணம் கொண்டவை.

காரணம் என்ன? முள்ளெலும்புகளுக்குள் ரத்தம் ஊறும் செம்மஜ்ஜை நிறைய இருக்கிறது. புற்றுநோய் செல்லுக்கு அது நல்ல வண்டல் மண் மாதிரி. இன்னொன்றும் உண்டு. முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளில் வால்வு கிடையாது. அதனால் ரத்தம் இந்தப் பக்கமும் ஓடும், அந்தப் பக்கமும் ஓடும். இருமினாலோ முக்கினாலோ அடிவயிற்று ரத்தம் நேராக முதுகெலும்புக்குள் தள்ளப்படும். இந்த வழியை 1940-ல் அமெரிக்க உடற்கூறு நிபுணர் ஆஸ்கர் பாட்சன் விளக்கிக் காட்டினார்.

முள்ளெலும்புகளின் நடுவே ஒரு கால்வாய். அதற்குள்தான் தண்டுவடம் ஓடுகிறது. மூளையிலிருந்து கை, கால், மலம், சிறுநீர் எல்லாவற்றுக்கும் உத்தரவு போகும் கேபிள் அது. கட்டி வளர்ந்தோ, அரித்துப்போன எலும்பு நொறுங்கியோ அந்தக் கேபிளை நசுக்கினால்தான் ஆபத்து. பெரும்பாலும் இது நடப்பது நெஞ்சுப் பகுதி முதுகில். அங்கே கால்வாய் குறுகல். கொஞ்சம் நசுங்கினாலும் தாங்காது.

வலிக்கு ஒரு குணம் உண்டு

சாதாரண முதுகுவலி படுத்தால் குறையும். இது அப்படி இல்லை. எச்சரிக்கை மணிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்:

* படுத்தால் கூடும், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி.

* நெஞ்சையோ வயிற்றையோ சுற்றி இறுக்கிக் கட்டிய பெல்ட் மாதிரி ஒரு பிடிப்பு.

* இருமினால், தும்மினால், முக்கினால் சுரீர் என்று ஏறும் வலி.

* எழுந்து உட்காரும்போதும் புரளும்போதும் உயிர்போகிற வலி, அசையாமல் இருந்தால் நிம்மதி. எலும்பு பலமிழந்து ஆட்டம் கண்டிருக்கிறது என்பதற்கு இது அறிகுறி.

* மாடிப்படி ஏறும்போது கால் துவளுதல், செருப்பு தானாகக் கழன்று போவது, நடை தள்ளாடுவது.

* கால் மரத்துப் போவது. தொடையிடுக்கிலும் பின்பக்கத்திலும் தொட்டால் உணர்வு குறைவது.

* சிறுநீர் வராமல் தங்குவது அல்லது தெரியாமல் போய்விடுவது. புதிதாக வந்த கடும் மலச்சிக்கல்.

வலி மட்டும் இருந்தால் ஓரிரு நாளுக்குள் புற்றுநோய் டாக்டரைப் பாருங்கள். கடைசியாகச் சொன்ன மூன்றில் ஒன்று வந்துவிட்டாலும், அது அவசர கேஸ். மாரடைப்புக்கு எப்படி ஓடுவோமோ அப்படி ஓட வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலோருக்குக் கால் விழுவதற்குப் பல வாரங்கள் முன்பே வலி வந்து எச்சரித்துவிடுகிறது. நாம்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இந்த நிலையில் தயவுசெய்து செய்யக் கூடாதது ஒன்று: முதுகை மிதிக்கச் சொல்வது, சுளுக்கு எடுப்பது, அழுத்தித் தடவுவது. அரித்துப்போன எலும்பின் மேல் அழுத்தம் விழுந்தால் அது அங்கேயே நொறுங்கலாம்.

'எக்ஸ்ரே எடுத்தோம், நல்லாத்தான் இருக்குன்னாங்க' என்று இருந்துவிடுவதும் தப்பு. எலும்பின் பெரும் பங்கு அரிக்கப்பட்ட பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரிய ஆரம்பிக்கும். இதற்குத் தேவை எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அதுவும் வலிக்கிற இடத்தை மட்டுமல்ல, கழுத்திலிருந்து அடிமுதுகு வரை முழுவதும் எடுக்க வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடங்களில் இருப்பது சகஜம்.

ஆபரேஷன் எதற்காக?

இங்கேதான் குடும்பங்கள் குழம்பிப்போகின்றன. 'பரவிடுச்சுன்னு சொல்றாங்க, பிறகு எதுக்கு ஆபரேஷன்?' என்று ஒருவர். 'ஆபரேஷன் செஞ்சா நோய் போயிடும்ல?' என்று இன்னொருவர். இரண்டுமே சரியல்ல.

இந்த ஆபரேஷன் பெரும்பாலும் புற்றுநோயை ஒழிப்பதற்காகச் செய்வது இல்லை. நசுங்கும் தண்டுவடத்தை விடுவிப்பது, ஆட்டம் கண்ட எலும்பை நிறுத்துவது, வலியைக் குறைப்பது... இவைதான் நோக்கம். சுருக்கமாகச் சொன்னால், இருக்கப்போகும் நாட்களில் மனிதர் தன் காலில் நிற்கவும், தானே கழிப்பறைக்குப் போய் வரவும்தான் இது.

ஒருகாலத்தில் இந்த ஆபரேஷனுக்கே கெட்ட பெயர் இருந்தது. அப்போது செய்தது, முள்ளெலும்பின் பின்பக்க வளைவை மட்டும் எடுத்துவிடுவது. கட்டியோ பெரும்பாலும் முன்பக்கத்தில், எலும்பின் உடல் பகுதியில் இருக்கும். முன்சுவர் இடிந்த வீட்டில் பின்சுவரையும் எடுத்தால் கூரை என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. 'கரண்ட்' வைப்பதைவிட இதில் பெரிய லாபம் இல்லை என்று கைவிட்டார்கள்.

பிறகு முறை மாறியது. கட்டி எந்தப் பக்கம் அழுத்துகிறதோ அந்தப் பக்கமாகப் போய் அதை எடுத்து, டைட்டானியம் திருகாணிகளும் கம்பிகளும் வைத்து முதுகைத் தூக்கி நிறுத்தினார்கள். இதற்குப் பலன் உண்டா என்று அமெரிக்காவில் டாக்டர் ராய் பாட்செல் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2005-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது.

தண்டுவடம் நசுங்கிய 101 பேர். 50 பேருக்கு ஆபரேஷன் செய்து, அதன்பின் கதிர்வீச்சு. 51 பேருக்குக் கதிர்வீச்சு மட்டும். சிகிச்சை முடிந்ததும் முதல் குழுவில் 42 பேர் நடந்தார்கள். இரண்டாவது குழுவில் 29 பேர். நடை எத்தனை நாள் நிலைத்தது? முதல் குழுவில் நடுமதிப்பாக 122 நாள். இரண்டாவதில் 13 நாள்! வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

இதே ஆய்வில் நமக்கு இன்னொரு பாடம் இருக்கிறது. ஆபரேஷன் குழுவில், ஆஸ்பத்திரிக்கு வரும்போது நடக்க முடிந்தவர்கள் 34 பேர். சிகிச்சைக்குப் பிறகு அவர்களில் 32 பேர் நடந்தார்கள். வரும்போதே நடக்க முடியாமல் இருந்தவர்கள் 16 பேர். அவர்களில் மறுபடி நடந்தவர்கள் 10 பேர்தான். ஒரே டாக்டர்கள், ஒரே கத்தி. கால் விழுவதற்கு முன்னால் வந்தார்களா, பின்னால் வந்தார்களா என்பதில்தான் வித்தியாசம். இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்துபோனாலும் இதை மறக்காதீர்கள்.

என்னென்ன வகை?

திருகாணி, கம்பி வைத்து நிறுத்துவது: தண்டுவடத்தை விடுவித்து, மேலும் கீழும் உள்ள நல்ல எலும்புகளைக் கம்பியால் இணைப்பார்கள். பரவலாகச் செய்யப்படுவது இதுதான்.

இடைவெளி உண்டாக்கும் ஆபரேஷன்: முழுக் கட்டியையும் எடுக்க மெனக்கெடாமல், தண்டுவடத்தைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் மட்டும் சுத்தம் செய்வார்கள். மிச்சத்தைக் குறிபார்த்துச் செலுத்தும் நவீனக் கதிர்வீச்சு பார்த்துக்கொள்ளும். ஆபரேஷனின் சுமை குறையும்.

சிமெண்ட் செலுத்துவது: தண்டுவடம் நசுங்காமல், எலும்பு மட்டும் நொறுங்கி வலிக்கிறது என்றால், ஊசி வழியாக எலும்புக்குள் ஒருவகை சிமெண்டைச் செலுத்தி இறுகவைப்பார்கள். 1984-ல் பிரான்சில் ஆரம்பித்த முறை. பெரிய வெட்டு கிடையாது.

முள்ளெலும்பையே முழுதாக எடுப்பது: ஒரே ஓர் இடத்தில் மட்டும் பரவியிருந்து, மற்றபடி உடம்பு தெம்பாக இருக்கும் வெகு சிலருக்கு மட்டும்.

எலும்பு எவ்வளவு ஆட்டம் கண்டிருக்கிறது என்று பார்க்க டாக்டர்களிடம் ஒரு மார்க் முறை உண்டு. 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. மொத்தம் 18 மார்க். பரீட்சையில் மார்க் கூடினால் சந்தோஷம். இங்கே தலைகீழ்! 7-ஐத் தொட்டாலே முதுகெலும்பு சர்ஜனிடம் கருத்துக் கேட்க வேண்டும். 13-ஓ அதற்கு மேலோ போனால் எலும்பு நிற்காது என்று அர்த்தம்.

யாருக்கு வேண்டாம்?

எல்லோருக்கும் ஆபரேஷன் இல்லை. ரத்தம், நிணநீர் சம்பந்தமான சில புற்றுநோய்கள் கதிர்வீச்சுக்கும் மருந்துக்குமே வெண்ணெய் மாதிரிக் கரைந்துவிடும். எலும்பு உறுதியாக இருந்தால் அவர்களுக்குக் கத்தி அநேகமாகத் தேவைப்படாது. கால் முழுசாக விழுந்து இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டால் திரும்பி வரும் வாய்ப்பு மிகக் குறைவு. நோய் பல உறுப்புகளில் பரவி, ஆயுள் மூன்று மாதத்துக்கும் குறைவு என்று தெரிந்தால், ஆபரேஷன் காயம் ஆறுவதற்கே அந்த நாட்கள் போய்விடும். அப்போது கதிர்வீச்சும் வலி மருந்துமே கருணை. கதிர்வீச்சைப் பலருக்கு ஒரே தவணையில்கூட முடிக்கலாம். தூரத்திலிருந்து வருபவர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆபரேஷனில் ஆபத்தும் உண்டு. ரத்தப்போக்கு, காயத்தில் சீழ், காலில் ரத்தக்கட்டு, கம்பி தளர்வது. சிறுநீரகம், தைராய்டிலிருந்து பரவிய கட்டிகளில் ரத்தம் அதிகம் என்பதால், முன்கூட்டியே ரத்தக்குழாயை அடைத்துவிட்டுச் செய்வது உண்டு. முன்பே அந்த இடத்தில் 'கரண்ட்' வைத்திருந்தால் காயம் ஆறத் தாமதமாகும். ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு தொடங்க, காயம் ஆறுவதற்காகச் சுமார் இரண்டு வாரம் காத்திருப்பார்கள்.

காயல்பட்டினத்திலிருந்து எங்கே போவது?

இப்படி ஒரு நிலைமை வந்ததும் வீட்டில் கிளம்பும் முதல் பேச்சு, "சென்னைக்குக் கொண்டு போயிரலாம்" என்பதுதான். வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி அங்கேதான், டாக்டர் தெரிந்தவர், ரயிலும் இருக்கிறது. நியாயம்தான். ஆனால் கால் மரத்துவிட்டவருக்கு ஓர் இரவுப் பயணம் என்பது விலைமதிப்பற்ற பன்னிரண்டு மணி நேரம். சந்தேகம் வந்த 24 மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுக்க வேண்டும், சிகிச்சையையும் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2008-ல் வகுத்த வழிகாட்டுதல்.

அதனால், முதலில் பக்கத்து ஊர், பிறகு பெரிய ஊர். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, நம் ஜனங்கள் 'ஹைகிரவுண்ட்' என்று சொல்லும் பாளையங்கோட்டையில் இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எம்.ஆர்.ஐ. வசதியுள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியோ... எது சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே போங்கள். ஸ்கேன் எடுத்து, தண்டுவட வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தை டாக்டர் ஆரம்பித்துவிட்டால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். சர்க்கரை வியாதி இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இந்த மருந்து சர்க்கரையை ஏற்றிவிடும்.

அங்கிருந்தபடியே பழைய டாக்டருக்குப் போன் செய்து ஸ்கேன் படங்களை அனுப்பலாம். தென்மாவட்டத்துக்காரர்கள் பலர் போகும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. 1981-ல் தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954-ல் பிறந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தெரியாதவர் இல்லை. எங்கே போவது என்பதைப் படத்தைப் பார்த்த டாக்டர்கள் சொல்லட்டும்.

போகும் விதமும் முக்கியம். ஆட்டோவில் உட்காரவைத்துக் குலுக்கிக்கொண்டு போகாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தட்டையாகப் படுக்கவைத்து, புரட்டும்போது தலை, முதுகு, இடுப்பு மூன்றும் ஒரே மரக்கட்டை மாதிரி சேர்ந்து திரும்பும்படி மூன்று நாலு பேராகப் புரட்டுங்கள். பழைய பயாப்ஸி ரிப்போர்ட், கீமோ சீட்டு, கதிர்வீச்சு விவரம், காப்பீட்டு அட்டை எல்லாம் எப்போதும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்கள், ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

டாக்டரிடம் கேளுங்கள்

கூச்சப்படாமல் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்:

1. தண்டுவடம் நசுங்கியிருக்கிறதா, எலும்பு மட்டும்தான் பாதிப்பா?

2. ஆபரேஷன் செய்தால் நடக்க வாய்ப்பு எவ்வளவு? செய்யாவிட்டால்?

3. இந்த வகைப் புற்றுநோய்க்கு மருந்தோ கதிர்வீச்சோ மட்டும் போதுமா?

4. பொதுவாக இவருக்கு எவ்வளவு காலம் எதிர்பார்க்கலாம்?

5. புற்றுநோய் டாக்டர், கதிர்வீச்சு டாக்டர், முதுகெலும்பு சர்ஜன் மூவரும் கலந்து பேசிவிட்டார்களா?

வீட்டுக்கு வந்த பிறகு

ஆபரேஷன் பாதி. மீதி வீட்டில்தான். கால் பலவீனமாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள், படுக்கைப்புண் வராது. தரையோடு இருக்கும் கக்கூஸ் வேண்டாம், நாற்காலி மாதிரி உட்காரும் வசதி செய்யுங்கள். ராத்திரி நடமாடும் வழியில் விளக்கு எரியட்டும். குனிந்து பாரம் தூக்க விடாதீர்கள். 'குனிஞ்சு தொழ முடியலையே' என்று உம்மா கலங்கினால், நாற்காலியில் உட்கார்ந்தும், முடியாதவர் படுத்தபடி சைகையாலும் தொழ மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். பிஸியோதெரபி பயிற்சிகளைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்.

வலி மாத்திரையை வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, டாக்டர் சொன்ன நேரத்துக்குத் தவறாமல் கொடுப்பதே நல்லது. மார்ஃபின் என்றால் பலர் பயப்படுகிறார்கள். டாக்டர் சொல்லும் அளவில் அது வலியை ஆற்றும் நல்ல மருந்து. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேட்டு வாங்குங்கள்.

சொல்லலாமா, கூடாதா?

'அவங்களுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சிருவாங்க' என்று நோயின் பெயரையே மறைக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய. அது அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தன் நோய் என்னவென்று தெரியாதவருக்கு, எந்த வலியைச் சொல்ல வேண்டும் என்பதும் தெரியாது. கால் மரத்தால் உடனே சொல்ல வேண்டும் என்று யாருமே அவரிடம் சொல்லவில்லையே, அவர் எப்படிச் சொல்வார்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. "உம்மா, முன்னால வந்த நோய் சில பேருக்கு முதுகுல வந்து நிக்குமாம். முதுகு வலிச்சாலோ, கால் மரத்தாலோ ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் எங்களை எழுப்புங்க" என்று சொன்னால் போதும். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கும் இதையே சொல்லிவையுங்கள். போனில் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "ராத்திரி தூங்கினீங்களா? மாடிப்படி ஏற முடியுதா?" என்று அவர் கேட்கட்டும். இந்த இரண்டு கேள்விக்குச் சிரமமான பதில் வந்தால், அன்றைக்கே வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.